பழைய வண்டிக்குப் புது கியர் பெட்டி

பாடி மேம்பாலத்தின் ஓரமாக ஒரு கால் மணி நேரம் நின்று, கண்ணை விட்டுவிட்டுக் காதால் மட்டும் கவனித்துப் பாருங்கள். அம்பத்தூர் பக்கமிருந்து சரக்கு ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று வந்து சரிவில் ஏறத் தொடங்குகிறது. எஞ்சினின் ஓசை மெல்லத் தாழ்ந்து, திணறுவது போலாகிறது. பிறகு ஒரு நொடி இடைவெளி. அதன்பின் அதே எஞ்சின் உரத்த குரலில் இரைந்துகொண்டு மேலே போகிறது. வண்டியின் வேகம் கூடவில்லை. ஆனால் எஞ்சினின் சுழற்சி கூடிவிட்டது. அந்த ஒரு நொடியில் ஓட்டுநர் கியரை மாற்றினார் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வண்டிக்கு என்ன கிடைத்தது என்று எப்போதாவது கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா?

இந்தக் கணக்கைப் போட இதைவிடப் பொருத்தமான வட்டாரம் கிடைப்பது அரிது. அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. ஆவடியில் 1955-இல் எஃகுக் குழாய்த் தொழிற்சாலை எழுந்தது. அதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியில் பிரேக்கும் சக்கரமும் மின்சாதனங்களும் செய்யும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றைச் சுற்றி எத்தனையோ லேத் பட்டறைகள்; பட்டறைகளுக்குச் சரக்குக் கொண்டுபோக எத்தனையோ பழைய பிக்கப் வண்டிகள். அந்த வண்டிக்காரர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: “என் வண்டியில் இருப்பது 4 கியர் பெட்டி. புதுப்பேட்டையில் 5 கியர் பெட்டி கிடைக்கிறதாம். மாற்றிவிடலாமா?”

கேள்வி சிறியதுதான். ஆனால் கேட்பவருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. சில நாள் வருமானத்தை இழந்து, கையில் இருக்கும் பணத்தையும் போட்டு மாற்றிய பிறகு வண்டி முன்னைவிட மோசமாக ஓடினால் என்ன செய்வது? மேல்நிலைப் பள்ளி இயற்பியல் தெரிந்த நீங்கள் அவருக்கு ஒரு பாதி விடையாவது சொல்ல முடியும். முயன்று பார்ப்போம்.

சுழலும் நெம்புகோல்

கிணற்று ராட்டினமும் கடப்பாரையும் உங்களுக்குத் தெரிந்த பொறிகள். நீண்ட கடப்பாரையின் முனையைச் சிறு விசையால் நெடுந்தூரம் அழுத்தினால், மறுமுனை பெரிய பாறையைச் சிறிது தூரம் நகர்த்தும். பற்சக்கரமும் அத்தகைய நெம்புகோலே; ஆனால் முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும் நெம்புகோல். 15 பற்கள் கொண்ட சிறு சக்கரம் 60 பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தைச் சுழற்றினால், பெரியது 4-இல் ஒரு பங்கு வேகத்தில் சுற்றும். அதன் திருப்புத்திறன் 4 மடங்காகும். மெக்கானிக்குகள் ‘டார்க்’ என்று சொல்வது இந்தத் திருப்புத்திறனைத்தான்.

எஞ்சினுக்கு இந்த உதவி ஏன் தேவை? மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு பலத்துடன் இழுக்கும். டீசல் எஞ்சினால் அது முடியாது. குறிப்பிட்ட சுழற்சிக்குக் கீழே போனால் அது நின்றுவிடும். மேலேயும் ஓர் எல்லை உண்டு. அந்தக் குறுகிய எல்லைக்குள் அதை ஓடவிட்டு, வண்டியை மட்டும் 0-விலிருந்து 80 கிலோமீட்டர் வரை கொண்டுபோக வேண்டும். அதற்காக ஏற்பட்டதே கியர் பெட்டி.

பிரான்சில் எமில் லெவாஸோர் 1890-களின் தொடக்கத்தில் செய்த பெட்டியில் பற்சக்கரங்களை அச்சின்மேல் நகர்த்தி, சுழன்றுகொண்டிருக்கும்போதே ஒன்றோடொன்று கோக்க வேண்டியிருந்தது. சத்தத்துக்குக் கேட்கவா வேண்டும்! 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று பாரிஸ் நகரின் செங்குத்தான லெப்பிக் தெருவில் லூயி ரெனோ என்ற 21 வயது இளைஞர், மேல் கியரில் பற்சக்கரங்களை இடையிடாமல் அச்சை அச்சோடு நேராக இணைக்கும் பெட்டியுடன் ஏறிக் காட்டினார். இந்த ‘நேர் இணைப்பு’ முறை பின்னர் உலகமெங்கும் பரவியது. பழைய 4 கியர் வண்டிகளில் 4-ஆவது கியர் என்பது பெரும்பாலும் இதுதான். அதன் விகிதம் 1.

நம் ஊர்ப் பழைய வண்டிகளுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. மகேந்திரா நிறுவனம் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பைத்தான் இங்கே கொண்டுவந்தது. அதில் இருந்தது டி-90 எனப்படும் 3 கியர் பெட்டி. பின்னாளில் அந்தக் குடும்பத்தில் பிரெஞ்சு பெஜோ வடிவமைப்பிலான எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சினும் 4 கியர் பெட்டியும் வந்தன. 4 சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டம் 90 மில்லிமீட்டர் என்பதே அந்தப் பெயரின் பொருள். அதன்பின் 5 கியர் பெட்டிகள் வந்தன. ஆக, 5 கியருக்கு ஆசைப்படும் வண்டிக்காரர், ஆலையே பின்னாளில் செய்த மாற்றத்தைத்தான் தன் பட்டறையில் செய்யப் பார்க்கிறார்.

முதலில் முதல் கியரைப் பாருங்கள்

5-ஆவது கியரைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். நான் சொல்வேன், முதலில் 1-ஆவது கியரைப் பாருங்கள். ஏன் என்பதை எண்களில் காணலாம். கணக்குக்கு வசதியாக ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். சரக்கோடு அதன் நிறை 2400 கிலோகிராம். எஞ்சினின் திருப்புத்திறன் 120 நியூட்டன்-மீட்டர். பின் அச்சிலுள்ள கிரௌன்–பினியன் விகிதம் 5. சக்கரத்தின் ஆரம் 0.33 மீட்டர். வழியில் உராய்வுக்கு 10 விழுக்காடு போய்விடும்.

பழைய பெட்டியின் முதல் கியர் விகிதம் 4 என்றால், சக்கரம் தரையைத் தள்ளும் விசை 120 × 4 × 5 × 0.9 ÷ 0.33. ஏறத்தாழ 6545 நியூட்டன்.

இப்போது, மழைநீர் புகாதிருக்க உயர்த்திக் கட்டிய ஒரு கிடங்கின் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற ஒரு சரிவுமேடை. 5 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம். வண்டியின் எடை அதைச் சரிவில் கீழே இழுக்கும் விசை 2400 × 9.8 ÷ 5, அதாவது 4704 நியூட்டன். டயர்கள் உருள்வதற்கான தடை ஏறத்தாழ 350. மொத்தம் 5050 நியூட்டன். கையில் 6545 இருக்கிறது. மிச்சம் 1500 நியூட்டனுக்குச் சற்றே குறைவு. அந்த மிச்சம்தான் வண்டியை முடுக்குகிறது.

புதுப்பேட்டையில் வாங்கிய 5 கியர் பெட்டி வேறு வகை வண்டியினுடையது, அதன் முதல் கியர் விகிதம் 3.4 என்று வைத்துக்கொள்வோம். மறுபடியும் பெருக்கிப் பாருங்கள்: 5564 நியூட்டன். மிச்சம் 510-தான்! விகிதம் குறைந்தது 15 விழுக்காடு. மிச்சமோ 3-இல் ஒரு பங்காகிவிட்டது. முடுக்கமும் 3-இல் ஒரு பங்கு. வண்டி எஞ்சினின் வேகத்துக்கு வந்து சேரும்வரை கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அந்த நேரம் 3 மடங்குக்கும் மேல் நீளும். அவ்வளவு நேரமும் உராய்வு வெப்பம் கிளட்ச் பிளேட்டில் ஏறும். சில வாரங்களில் கருகிய வாடை வரும். வண்டிக்காரர் கிளட்ச் பிளேட்டைத் திட்டுவார். உண்மையான காரணம் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை.

ஆகையால் பழைய பெட்டி வாங்கப் போகிறவர் செய்ய வேண்டிய முதல் காரியம், நியூட்ரலில் அல்லாமல் முதல் கியரில் போட்டு, முன் அச்சைக் கையால் சுற்றி, பின் அச்சு ஒரு சுற்று வர எத்தனை சுற்று பிடிக்கிறது என்று எண்ணுவது. சுண்ணாம்புக் கட்டி ஒன்று போதும். கடைக்காரர் சொல்லும் எந்த எண்ணையும் நம்ப வேண்டியதில்லை.

5-ஆவது கியர் தருவதும் தராததும்

மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1000 மீட்டர். நம் சக்கரம் ஒரு சுற்றில் 2.07 மீட்டர் போகும். ஆகவே நிமிடத்துக்கு 483 சுற்று. பின் அச்சில் 5 மடங்கு. 4-ஆவது கியரில் எஞ்சின் 2415 சுற்று சுற்றும். 5-ஆவது கியரின் விகிதம் 0.85 என்றால் 2050 சுற்று போதும். சத்தம் குறையும், தேய்மானம் குறையும், டீசலும் ஓரளவு மிச்சமாகும். ஓரளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். காற்றையும் சாலையையும் எதிர்த்துச் செய்ய வேண்டிய வேலை எந்தக் கியரிலும் ஒன்றே. எஞ்சின் தன் உள்ளுராய்வில் வீணாக்கும் பங்குதான் குறைகிறது.

இதற்கு ஈடாக இழப்பது என்ன? 4-ஆவது கியரில் சக்கரத்தின் விசை 1636 நியூட்டன். 5-ஆவதில் 1391. சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் உருளும் தடை 350, காற்றின் தடை சுமார் 300, ஆக 650 நியூட்டன்; இரண்டு கியரும் தாராளமாகச் சமாளிக்கும். ஆனால் 30-க்கு 1 என்ற சரிவுள்ள மேம்பாலத்தில் ஏறும்போது இன்னும் 784 சேர்ந்துகொள்ளும். மொத்தம் 1434. இப்போது பாருங்கள், 4-ஆவது கியர் ஏறிவிடும். 5-ஆவது கியரில் வண்டி மெல்ல மெல்ல வேகமிழக்கும். தொடக்கத்தில் நாம் காதால் கேட்டோமே, அந்தத் திணறல் இதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் கொரட்டூருக்கும் நடுவே நெரிசலில் ஊர்ந்து திரியும் வண்டிக்கு 5-ஆவது கியர் வெறும் அலங்காரம். பூவிருந்தவல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை வரை வாரம் 3 முறை போய்வரும் வண்டிக்கு அது பயனுள்ளது. என் கருத்தைக் கேட்டால், முதல் ஆளுக்கு அவருடைய பழைய பெட்டியையே பழுதுபார்த்துக் கொடுக்கச் சொல்வேன்.

பழுதுபார்ப்பது என்றால் பெரும்பாலும் சிங்க்ரோ வளையங்களை மாற்றுவது. இதைச் சற்று விளக்க வேண்டும். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உறுப்புகளைப் பல்லோடு பல்லாகக் கோப்பதற்கு முன், இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கூம்பு வடிவப் பித்தளை வளையம் ஒன்று முதலில் உராய்ந்து வேகத்தைச் சமன் செய்கிறது. பிறகே பற்கள் கோத்துக்கொள்கின்றன. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன் ஓட்டுநர் கிளட்சை இரண்டு முறை மிதித்து, காதால் வேகத்தைக் கணித்து மாற்ற வேண்டும். டி-90 பெட்டியின் முதல் கியருக்கு இந்த வளையமே கிடையாது. வளையம் தேய்ந்தால் கியர் மாற்றும்போது ‘கரகர’வென்று ஒலி எழும். அந்த ஒலிக்காக முழுப் பெட்டியையே தூக்கிப் போடுவது, செருப்பு வார் அறுந்ததற்காகச் செருப்பையே எறிவது போன்றது.

இறக்கும்போது

மாற்றியே தீருவது என்று முடிவானால், முதலில் பாதுகாப்பு. வண்டியை ஜாக்கியால் தூக்கிவிட்டு அப்படியே அடியில் நுழைபவர்களை நம் பட்டறைகளில் காணலாம். ஜாக்கி தூக்குவதற்கானது, தாங்குவதற்கானது அன்று. உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இறக்கி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் போகலாம். பெட்டி 40 கிலோகிராம் இருக்கக்கூடும். அது அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து மார்பில் மோதும்.

பெட்டியின் முன் அச்சு கிளட்ச் பிளேட்டின் நடுத்துளை வழியாகப் போய், எஞ்சின் அச்சின் முனையிலுள்ள சிறு பைலட் பேரிங்கில் உட்கார வேண்டும். அச்சின் ஸ்ப்ளைன் பற்களும் பிளேட்டின் பற்களும் எண்ணிக்கையிலும் விட்டத்திலும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டை மாற்ற வேண்டும். போல்ட்டுகளை முடுக்குவதற்கு முன் பெட்டியை அந்த அச்சிலேயே தொங்கவிடுவது பெருந்தவறு. 40 கிலோவின் எடை ஏறத்தாழ 400 நியூட்டன்; அதன் ஈர்ப்பு மையம் பிளேட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் திருப்புத்திறன் 120 நியூட்டன்-மீட்டர். எஞ்சினின் முழுத் திருப்புத்திறனுக்குச் சமம்! ஆனால் சுழற்றுவதற்குப் பதிலாக, மெல்லிய பிளேட்டை வளைக்கும் திசையில் அது செயல்படுகிறது. வளைந்த பிளேட்டோடு வண்டி புறப்படும்போதெல்லாம் உதறும்.

வேறு வகைப் பெட்டியானால் எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே அடாப்டர் தகடு ஒன்று கடைய வேண்டியிருக்கும். அம்பத்தூர் லேத் பட்டறைகளுக்கு இது கைவந்த கலை. ஆனால் இரண்டு அச்சுகளின் மையமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒத்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவா இது? டயல் கேஜ் வைத்து அளக்காத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

ஹூக்கின் மூட்டு

5 கியர் பெட்டி வழக்கமாகச் சற்று நீளமானது. அதன் பின்முனை 8 சென்டிமீட்டர் பின்னே வந்தால், பின் அச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாப்டை அதே அளவு வெட்டிக் குறைத்து மறுபடி பற்றவைக்க வேண்டும். இங்கேதான் அழகான இயற்பியல் ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஷாப்டின் இரு முனையிலும் சிலுவை வடிவ மூட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுருள்வில் விதியில் நீங்கள் சந்தித்த ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்த மூட்டு அது. இரண்டு அச்சுகள் சாய்ந்திருந்தாலும் சுழற்சியை அது கடத்தும். ஆனால் ஒரு விசித்திரம். முன் அச்சு ஒரே சீராகச் சுற்றினாலும், பின் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் 2 முறை வேகம் கூடி, 2 முறை குறைந்து சுற்றும். சாய்வு 10 பாகை என்றால் ஏற்ற இறக்கம் 1.5 விழுக்காடு. இரண்டு ஈர்க்குச்சிகளையும் ஒரு சிலுவையையும் வைத்து நீங்களே மாதிரி செய்து பார்க்கலாம்.

பிறகு வண்டி எப்படிச் சீராக ஓடுகிறது? இரண்டாவது மூட்டு முதல் மூட்டின் பிழையை அப்படியே ஈடுசெய்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். இரு மூட்டுகளின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். ஷாப்டின் இரு முனையிலுள்ள கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். வெட்டிப் பற்றவைக்கும்போது ஒரு கவை 90 பாகை திரும்பிவிட்டால், பிழைகள் கழிவதற்குப் பதில் கூடும்; 1.5 என்பது 3 விழுக்காடாகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷாப்ட் நொடிக்கு 40 சுற்று. அதிர்வு நொடிக்கு 80. வண்டி முழுவதும் ‘ங்ங்’ என்று ரீங்காரம் இடும். மூட்டுகளும் பின் அச்சின் பற்களும் அதற்கு விலை கொடுக்கும். வெட்டுவதற்கு முன் குழாயின்மேல் நீளவாக்கில் ஒரு சுண்ணாம்புக் கோடு கிழித்துவிட்டால் இந்தத் தொல்லை முழுவதும் தீர்ந்தது. நல்ல மெக்கானிக்குகள் எதுவும் சொல்லாமல் இதைச் செய்வதைக் காணலாம்.

பற்றவைத்த உலோகம் ஒரு பக்கம் 10 கிராம் மிகுந்துவிட்டால்? மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி, நொடிக்கு 40 சுற்றில், அந்த 10 கிராம் 25 நியூட்டன் விசையோடு வெளிப்புறம் இழுக்கும். இரண்டரைக் கிலோ எடைக்கல் ஒன்று ஷாப்டைச் சுற்றி ஓடுவது போல. ஆகவே பாலன்சிங் செய்யாத ஷாப்டை மாட்டக் கூடாது. சரி, 5-ஆவது கியருக்கு மாற்றினால் இந்த அதிர்வு குறையுமா? எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதே என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள்: ஷாப்ட் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அதே சாலை வேகத்தில் அதன் சுழற்சி எந்தக் கியரிலும் ஒன்றே. அதிர்வு குறையாது.

எண்ணெயில் ஒரு வார்த்தை. பின் அச்சுக்கு ஊற்றும் ஜி.எல்-5 வகை எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் மிகுதி. அவற்றில் பல, பித்தளை வளையங்களை அரிக்கும். சிங்க்ரோ வளையம் உள்ள பழைய பெட்டிகளுக்குப் பெரும்பாலும் ஜி.எல்-4. விலை கூடியதுதான் நல்லது என்று நினைத்து மாற்றி ஊற்றிவிடக் கூடாது.

முள் சொல்லும் பொய்

கடைசியாக ஸ்பீடாமீட்டர். பழைய வண்டிகளில் கியர் பெட்டியின் பின்முனையில் ஒரு சிறு பினியன் ஒரு கம்பியைச் சுழற்றுகிறது. கம்பியின் மறுமுனையில் காந்தம் ஒன்று அலுமினியக் கிண்ணத்துக்குள் சுழலும். கிண்ணத்தில் தோன்றும் சுழல் மின்னோட்டம் அதைக் காந்தத்தோடு சேர்ந்து திரும்ப இழுக்கும், சுருள்வில் தடுக்கும், இரண்டும் சமனாகும் இடத்தில் முள் நிற்கும். காந்தம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வண்டியின் வேகம் தெரியாது.

பழைய பெட்டியில் பினியனுக்கு 16 பல், புதிய பெட்டியில் 20 பல், அதைச் சுழற்றும் திருகுப் பற்கள் இரண்டிலும் சமம் என்றால், கம்பி இப்போது 20-க்கு 16 என்ற விகிதத்தில் மெதுவாகச் சுற்றும். வண்டி 60-இல் ஓடும். முள் 48 காட்டும். ஓட்டுநர் 48 என்று நம்பி, 48-க்கு ஏற்ற இடைவெளியில் பிரேக் போடுவார். பிரேக் போட்டு நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது உங்களுக்குத் தெரியும். 60-க்கும் 48-க்கும் அது 1.56 மடங்கு. பினியனை மாற்றச் சில நிமிடங்களே ஆகும். ஆனாலும் வேலை முடிந்த களைப்பில் மறந்துபோவது பெரும்பாலும் இதுதான்.

சோதிப்பது எளிது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற ஒழுங்கான சாலையில், நெரிசல் இல்லாத நேரத்தில், முள்ளை 48-இல் நிலையாக வைத்து ஓட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை கடிகாரத்தில் நொடிகளை எண்ண வேண்டும். 75 நொடி ஆனால் முள் சொல்வது உண்மை. 60 நொடியில் கல் வந்துவிட்டால் வண்டியைத் திருப்பி, நேரே பட்டறைக்கு விடச் சொல்லுங்கள்.